அரைப்பேர்

மூவாயிரம் ரூபாயும் ஒரு சோத்துப் பார்சலும் பேசி
மஸ்கெலியா மைதானத்தில்
அவருடைய சிங்களத்தைத் தமிழாக்கப் போனேன்.
டியூஷன் மாஸ்டருக்கு ஏப்ரல் வறண்ட மாதம்.

பின்னால் நீர்த்தேக்கம்.
முன்னால் ஆறு தோட்டத்து ஆட்கள்,
இடுப்புப் படங்கை அவிழ்க்காமலே
மலையிலிருந்து நேரே இறங்கிய பெண்கள்.
அவர் ஓய்வுபெற்ற இராணுவ அதிகாரி.
சட்டையில் ஒரு சுருக்கமில்லை.
ஒரு வாக்கியம் சொல்வார், நிறுத்துவார்.
அந்த இடைவெளி என்னுடையது.

“நாடு என்பது ஓர் உடம்பு” என்றார்.
நாடு என்பது ஓர் உடம்பு என்றேன்.
“உடம்பில் விரலுக்கு வாக்குரிமை உண்டா?”
அதை நான்
விரல்களிடமேதான் கேட்டேன்.
முன்வரிசை முழுக்க
கொழுந்து கிள்ளிக் கறையேறிய விரல்கள்.

அடுத்து, ஜாதிய என்றார்.
அவருக்கு அதில் இனம் தேசம் இரத்தம் எல்லாம் அடக்கம்.
எங்கள் காதில் சாதி என்று விழும்,
லயத்தில் யார் செம்பில் யார் குடிப்பது என்கிற சாதி.
தடுமாறி, தேசம் என்றேன்.
தேங்காய்த் தும்பு போலத் தொண்டையில் நின்றது.
எந்தச் சொல்லைப் போட்டாலும்
நாங்கள் அதற்கு வெளியே.

“பாராளுமன்றம் ஒரு சந்தை.
இருநூற்றிருபத்தைந்து வாய்.
உங்களுக்கு அது என்ன தந்தது?”
இந்த இடத்தில், மறைப்பானேன்,
என் நாக்கு நன்றாகவே சுழன்றது.
நாற்பத்தெட்டில் எங்களை நாடற்றவராக்கியது
துப்பாக்கி அல்ல.
ஒழுங்காக எண்ணப்பட்ட கைகள்.
அதை மறந்துவிட்டு
ஜனநாயகத்துக்கு மாலை கட்ட என்னால் ஆகாது.
ஆனாலும் அன்று
வேண்டாம் என்று தூக்கிய கைகளும் இருந்தன,
அவற்றையும் எண்ணி எழுதி வைத்தார்கள்.
இவருடைய உடம்பில்
அப்படியொரு கையே முளைக்காது.

“ஒரு தலை போதும்.
விடிந்ததும் ஒரு கட்டளை. எல்லோரும் வரிசையில்.
கட்சி இல்லை, கேள்வி இல்லை, வேலைநிறுத்தம் இல்லை.
அப்படியொரு நாட்டை நினைத்துப் பாருங்கள்!”
நினைத்துப் பாருங்கள் என்றேன்.

பவளராணி நினைத்துப் பார்த்தாள்.
மேற்பிரிவில் முப்பது வருடக் கொழுந்து.
பக்கத்தில் நின்றவளிடம் மெல்லத்தான் சொன்னாள்:
“அது நம்ம பெரட்டுக்களம்ல?”

கைதட்டலைப் பெரிதாகக் காட்ட
மைக்செட்காரன் கூட்டத்துக்குள் ஒன்றை நட்டு வைத்திருந்தான்.
பெரட்டுக்களம்ல என்று
நாலு ஸ்பீக்கரும் கேட்டன.
எதிர்மலை திருப்பிக் கேட்டது.

ஆறு தோட்டமும் சிரித்தது.
“தொரை வந்துட்டாருடோய்!”
“அப்ப கங்காணி யாரு?”
“அந்தா, தமிழ்ல பேசுறாரே!”

நானும் சிரிக்கப் பார்த்தேன்.
வரவில்லை.

அவர் கனவென்று கொண்டுவந்த நாடு
இந்த மலையில் இருநூறு வருடமாக நடக்கிறது.
தலை பங்களாவில் இருக்கும்.
வரிசை பனிக்குள் நிற்கும்.
கிலோ குறைந்தால் அரைப்பேர்.
உடம்பு முழுநாளும் உழைத்திருக்கும்,
பேர் மட்டும் பாதி விழும்.
அதிலிருந்து தப்பித்தான்
பிள்ளைகளைக் கொழும்புக் கடைகளுக்கு அனுப்புகிறார்கள்.

“என்ன சொல்கிறார்கள்?” என்று கேட்டார்.
பெரட்டுக்களத்துக்குச் சிங்களம் தேடினேன்.
கிடைக்கவில்லை.
“உங்கள் நாட்டை
ஏற்கெனவே தெரியுமாம், சேர்.”
அவர் மகிழ்ந்து கையசைத்தார்.
சிரிப்பு கூடியது.
அதன் பிறகுதான் அவர் முகம் மெல்ல மாறியது.

அமைப்பாளர் ஆயிரத்தைந்நூறை எண்ணி நீட்டினார்.
“பாதியிலதானே நின்னுச்சு, மாஸ்டர்.”
பார்சலைப் பற்றிப் பேச்சே இல்லை.

கடைசி பஸ்ஸில் ஒரே ஓர் இடம்,
பவளராணிக்குப் பக்கத்தில்.
கூடையை மடிக்கு எடுத்துக்கொண்டு
“ஒக்காருங்க கங்காணி” என்றாள்.
“எவ்வளவு குடுத்தான்?”
சொன்னேன்.
“அட,” என்றாள், “உங்களுக்குமா?”